புளிக்காய்ச்சல் போகாத ஊர்

மலிவாக ஊர் சுற்றுவது எப்படி என்று அமெரிக்காவின் பிளெய்ன்ஸ்பரோவில் யாருக்காவது சந்தேகம் வந்தால் திருமூர்த்தியிடம்தான் போவார்கள். எந்தக் கிழமை விமானத்தில் கூட்டம் குறைவு, எந்த மியூசியத்துக்குள் எந்த நாள் இலவசமாகப் போகலாம், எல்லாம் அவருக்கு விரல் நுனியில். கேட்காதவர்களுக்கும் சொல்வார் என்பது வேறு விஷயம்.

அவருடைய வித்தைக்கெல்லாம் ஆதாரம் ஒரு பச்சைப் பெட்டி. சின்ன ரைஸ் குக்கர், பொன்னி அரிசி, பருப்புப்பொடி, ஊறுகாய், நடுவே பழைய துண்டு சுற்றிய இரண்டு பாட்டில் புளிக்காய்ச்சல். "வெளில சாப்பிட்டாதான் ட்ரிப் காஸ்ட்லி ஆகும்" என்பார்.

அந்தப் புளிக்காய்ச்சலைக் கிளறுபவள் அவர் மனைவி மரகதம். கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுப்பங்கரையில் நிற்பாள். போன இடத்திலும் அறைக்குள் ப்ளக் பாயிண்ட் தேடி குக்கரைச் சொருகுவது அவள்தான். இருபத்தாறு வருஷத் தாம்பத்தியத்தில் ஆறு நாடு பார்த்துவிட்டாள். ஆறிலும் சாப்பிட்டது ஒரே புளியோதரை. பாரிஸ் என்றதும் அவளுக்கு நினைவு வருவது, ஈஃபில் டவருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடும்போது பல்லிடுக்கில் மாட்டிய மிளகாய்த் தோல்தான்.

இந்த வருஷம் ஜார்ஜியா. இங்கே அட்லாண்டா இருக்கிற மாநிலமா என்று கேட்டவர்களுக்கெல்லாம், இல்லை, காகசஸ் மலையில் இருக்கிற தனி நாடு என்று திருமூர்த்தி வகுப்பே எடுத்தார். மரகதம் ஃபோனில் அந்த ஊர்ச் சாப்பாட்டு வீடியோக்களைப் பார்த்தாள். சீஸ் உருகி வழியும் ரொட்டி, வால்நட் விழுது வைத்துச் சுருட்டிய கத்தரிக்காய், அதன்மேல் மாதுளை முத்து. ஆனால் அவள் திரும்பத் திரும்பப் பார்த்தது மேஜையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை. யார் யாரோ வந்து பரிமாறிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பெண் கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை.

"ஒரே ஒரு வேளை அந்த ஊர்க்காரங்க வீட்ல உக்காந்து சாப்பிடலாங்க" என்றாள்.

"பாக்கலாம்மா" என்றார் திருமூர்த்தி. அவர் அகராதியில் அதற்கு முடியாது என்று பொருள்.

கிளம்பும் நாளன்று கல்லூரியில் படிக்கும் மகள் கயல் இருவரையும் பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனில் இறக்கிவிட்டாள். நுவார்க் ஏர்போர்ட்டுக்கே கொண்டுபோய் விடுகிறேன் என்றுதான் சொன்னாள். டோல் யார் கொடுப்பது என்று அப்பா கேட்டதும் காரை ஸ்டேஷன் பக்கம் திருப்பிவிட்டாள்.

ரயில் வரும் சத்தம் கேட்டு இருவரும் கையில் கிடைத்த பெட்டிகளோடு ஓடினார்கள். பிளாட்ஃபாரத்தில் நின்று மூச்சு வாங்கியபடி மரகதம் திரும்பிப் பார்த்தாள். பார்க்கிங்கில் கயல் காரின் ஹாரனை அடித்தாள். பிறகு டிக்கியிலிருந்து பச்சைப் பெட்டியை எடுத்து இரண்டு கைகளாலும் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள். திருமூர்த்தி ஃபோனில் டிக்கெட்டைத் தேடிக்கொண்டிருந்தார். கயல் வேகமாக ஓடக்கூடியவள். ஒரு குரல் கொடுத்தால் போதும்.

மரகதம் வாயைத் திறந்தாள், மூடினாள். மகளுக்கு நன்றாகக் கையாட்டிவிட்டு ரயிலேறினாள்.

மெட்ரோபார்க் ஸ்டேஷன் தாண்டியபோதுதான் திருமூர்த்தி பெட்டிகளை எண்ணினார். "மரகதம், பச்சைப் பெட்டி எங்க?"

"ஐயோ, கார்லயே நின்னுடுச்சா?" என்றாள். பொய் இவ்வளவு சரளமாக வருமென்று அவளுக்கே தெரியாது.

"அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி..."

"ஃப்ளைட் மிஸ் ஆயிடும். டிக்கெட் நான்-ரீஃபண்டபிள்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் பெட்டிகளை இன்னொரு முறை எண்ணினார்.

ஜார்ஜியா தலைநகரிலிருந்து, ஆள் நிரம்பினால்தான் கிளம்புவேன் என்ற வேனில், முழங்கால் தாடையை இடிக்க மூன்று மணி நேரம் மலை ஏறினார்கள். குன்றின் உச்சியில் பதினான்காம் நூற்றாண்டு சர்ச். உள்ளே போகக் கட்டணம் இல்லை என்பதால் திருமூர்த்தி அதை இரண்டு முறை பார்த்தார். வயிற்றுக்கு வாழைப்பழமும் வேர்க்கடலையும்தான். பனிமூடிய மலைக்கு முன்னால் அவர் சோகமாகக் கடலை உடைப்பதைப் பார்க்க மரகதத்துக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

தங்கிய வீட்டுக்காரி பெயர் நினோ. ஐம்பது வயது இருக்கும். சாயங்காலம் கதவைத் தட்டி, சாப்பிட வாருங்கள் என்று சைகை காட்டினாள். தனியாகப் பில் வரும் என்று பயந்த திருமூர்த்தி, வயிற்றைத் தடவிக்காட்டி, நிரம்பிவிட்டது என்றார். நினோ தன் ஃபோனில் அவர்களுடைய புக்கிங்கைக் காட்டினாள். அறை வாடகையிலேயே இரவுச் சாப்பாடும் அடக்கம். மலிவுப் பயணச் சக்கரவர்த்தி அந்த வரியைப் படிக்காமல் விட்டிருந்தார். சாப்பிடாவிட்டால்தான் நஷ்டம் என்று தெரிந்ததும் மனிதர் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார்.

இறைச்சி வேண்டாம் என்றதில் நினோவுக்குக் குழப்பமே இல்லை. அவர்களுக்கும் இறைச்சி தொடாத விரத நாட்கள் உண்டாம். ராஜ்மா அடைத்த ரொட்டி வந்தது, வீடியோவில் பார்த்த அதே கத்தரிக்காய் வந்தது, பச்சை பிளம்ஸில் அரைத்த புளிப்புச் சட்னி வந்தது. திருமூர்த்தி சட்னியை நாக்கில் வைத்தார்.

"மரகதம், நம்ம புளி தோத்துது போ!" என்று நான்கு கரண்டி போட்டுக்கொண்டார்.

ஒரு தட்டு காலியானதும் மரகதம் பழக்கதோஷத்தில் எழுந்தாள். நினோ அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். கேட்காமலே இன்னொரு கத்தரிக்காயை அவள் தட்டில் வைத்தாள். மரகதத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று அவளை ஒருவர் கேட்டு எத்தனை வருஷமாயிற்று!

"காரமா?" என்றார் திருமூர்த்தி.

"ஆமாங்க" என்றாள்.

ஊர் திரும்பிய இரண்டாம் வாரம் பக்கத்து ஊரான வெஸ்ட் வின்ட்சரில் நண்பர் பிச்சுமணி வீட்டில், ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுபோகும் பாட்லக் விருந்து. திருமூர்த்தி நடுநாயகமாக உட்கார்ந்து, "சாப்பாட்டுப் பெட்டியே தூக்கக்கூடாது சார். டின்னர் இன்க்ளூடடா ஹோம்ஸ்டே புக் பண்ணணும். இதான் என் புது சிஸ்டம்" என்றார்.

பீட்சா தின்றுகொண்டிருந்த கயல் நிமிர்ந்தாள். "வாட் சிஸ்டம், அப்பா? ஐ ஹெல்ட் அப் த சூட்கேஸ். ஐ ஈவன் ஹாங்க்ட் த ஹாரன். அம்மா லுக்ட் ரைட் அட் மீ அண்ட் வேவ்ட்!"

பெட்டியைப் பார்த்தும் அம்மா கையாட்டிவிட்டுப் போன கதையைக் கேட்டு, பிச்சுமணிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். திருமூர்த்தி சிரிக்கவில்லை. மரகதம் காலித் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

காரில் வீடு திரும்பும்போது திருமூர்த்தி கேட்டார். "ஏம்மா?"

"ஒரு வேளையாவது யாராவது எனக்குப் போடமாட்டாங்களான்னு இருந்துச்சு. அவ்ளோதான்."

அவர் திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டு ரூட் ஒன் நெடுஞ்சாலையில் நேராகப் போய்க்கொண்டிருந்தார். பெட்ரோல் வீணாகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் கண்ணயர்ந்த மரகதம் நல்லெண்ணெய் வாசனையில் விழித்தாள். சமையலறையில் பச்சைப் பெட்டி திறந்து கிடந்தது. சின்ன குக்கரில் ஆவி பறந்தது. கவுன்டர் முழுக்கப் புளிக்காய்ச்சல் சிந்தியிருந்தது. அவள் துணியை எடுக்கப் போனாள்.

"அத நான் பாத்துக்கறேன். நீ உக்காரு" என்று திருமூர்த்தி தட்டை வைத்துப் பரிமாறினார்.

ஒரு வாய் சாப்பிட்டாள். "சாதம் கொழஞ்சுடுச்சு."

"தண்ணி ஜாஸ்தி வெச்சுட்டேன்."

அவர் உட்காரவில்லை. கரண்டியும் கையுமாக அவள் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

அவளுக்கு வயிறு நிறைந்துவிட்டிருந்தது. இருந்தாலும் தட்டை நீட்டினாள்.