எங்கள் வீட்டுக்கு ஏழாம் மாதம்

எங்கள் ஊரில் ஒரு மனையில் இரண்டாவது வீடு கட்டக் கூடாது. இருக்கிற வீடுதான் ஈன வேண்டும். அதற்கு நகராட்சியில் இரண்டு பக்க விண்ணப்பம் ஒன்று கிடைக்கும்.

நான் அதை வாங்கியது பேச்சியக்காவுக்காக. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அத்தானோடு முப்பத்தொரு வருஷம் இருந்துவிட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை தையல் மிஷினோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

"என்ன சொன்னாலும் 'ம்'னு சொல்லிக்கிட்டிருந்தாரு தம்பி. போன வாரம் அதையும் நிறுத்திட்டாரு" என்றாள்.

மிஷினை ஹாலில் போட்டோம். ஹாலில் ஒரு பிரச்சினையும் இல்லை. அடுப்படியில்தான். என் மனைவி கோமதி சாம்பாரில் வெல்லம் போடுவாள். அக்கா கரண்டியை எடுத்துவந்து, அது கரைவதற்குள் வெளியே எடுத்துவிடுவாள். மூன்றாவது வாரம் கோமதி என்னிடம் சொன்னாள்: "மதினி நம்மகூடவே இருக்கட்டும். ஆனா வேற வீட்டுல இருக்கட்டும்."

விண்ணப்பம் கொடுத்த பத்தாம் நாள் ஓவர்சியர் ஜெபமணி சைக்கிளில் வந்தார். வடக்குச் சுவரில் காதை வைத்து வெகுநேரம் நின்றார்.

"எத்தனை வயசு?"

"எனக்கா?"

"வீட்டுக்கு, அண்ணாச்சி."

"இருபத்தாறு."

"மொதப் பிரசவமா?"

"ஆமா."

கதவுகள் கடைசியாக எப்போது உப்பின என்று கேட்டு எழுதிக்கொண்டார். அனுமதி வந்தது. முறைப்படி, எதிர்வீட்டைப் பார்த்த ஜன்னல்களை எல்லாம் திறந்துவைத்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் மேட்னி ஷோவுக்குப் போய்வந்தோம்.

அடுத்த முறை வந்தபோது ஜெபமணி வாசற்படியை இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்தார். "ரெண்டு மாசம் ஆயிருக்கு" என்றார். கோமதி எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தாள்.

நாலாம் மாதம்வரை மசக்கை படுத்தியது. உள்ளே விட்ட செருப்புகளை வீடு வெளியே தள்ளியது. வாசலில் மாங்காய் வைத்தால் சற்று நேரத்தில் கொட்டை மட்டும் இருந்தது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, பீரோவை நகர்த்தக் கூடாது என்றார் ஜெபமணி. முக்கியமாக, சத்தம் போட்டுச் சண்டை போடக் கூடாது. பயந்துபோன வீடுகள் வெறும் தண்ணீர்த் தொட்டியைப் பெற்றதை அவர் பார்த்திருக்கிறார்.

பேச்சியக்கா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "தொட்டின்னா நான் எங்க போவேன்?"

அன்றிலிருந்து அக்காவும் கோமதியும் சண்டையைக் காதோடு காதாகப் போட்டார்கள். அதற்கு ஒருவரையொருவர் ஒட்டி உட்கார வேண்டியிருந்தது. கோமதி அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வச்ச ரசம் கழுநீர் மாதிரி இருக்கு" என்று காதில் சொல்வாள். அக்காவுக்குக் காதில் கூச்சம். சிரித்துவிடுவாள்.

"சிரிக்கிறவங்ககிட்ட எவ்வளவு நேரம் கோவமா இருக்க முடியும்?" என்று கோமதி என்னைக் கேட்டாள். ஆறாம் மாதத்தில் சண்டைக்கு ஒன்றும் இல்லாத நாட்களிலும் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். நான் தனியாகப் பேப்பர் படித்தேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தோம். இரண்டு முனையும் சட்டத்துக்குள் இருக்கிற ஜன்னல் கம்பியில் வளையல் ஏற்றுவதற்கென்றே எங்கள் ஊரில் ஒருவர் இருக்கிறார். ஒன்றுகூட உடையாமல் ஏற்றினார். எதிர்வீடு புதிதாக வெள்ளையடித்துக்கொண்டு நின்றது.

அத்தானும் வந்திருந்தார். ஏழு வகைச் சாதத்தையும் சாப்பிட்டு முடித்தார். அக்கா அவர் முன்னால் போய் நின்றாள்.

"என்னைக் கூப்பிட்டுப் போக வந்தீங்களா?"

அவர் யோசித்தார். "ம்" என்றார்.

"லேட்டு" என்று சொல்லிவிட்டு அக்கா அவருடைய இலையை எடுத்தாள். மெதுவாகத்தான் சொன்னாள். வீட்டின் காதில் விழக் கூடாது.

ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குத் தரை சில்லிட்டது, வலி கண்டுவிட்டது. நாங்கள் தெருவில் போய் நின்றோம். சொல்லியனுப்பியதும் வந்த ஜெபமணி தூக்குக்குண்டோடு உள்ளே போனார். அக்கா கோமதியின் கையை விடவே இல்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து எங்களைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டார்.

முருங்கை மரத்தடியில் ஒரு சின்ன வீடு. ஓர் அறை, ஒரு ஜன்னல், சுவரெல்லாம் ஈரம். சத்தமே இல்லை. ஜெபமணி பின்சுவரில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். காலிங் பெல் அடித்தது.

"நல்ல குரல்" என்றார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கோமதி உள்ளே எட்டிப் பார்த்தாள். "அடுப்படி இல்லையே?"

"பொறக்கும்போது எந்த வீட்டுக்கும் இருக்காதும்மா. பல்லு மாதிரிதான். நாலஞ்சு வருஷத்துல மொளைக்கும்."

"அதுவரைக்கும் மதினி எங்க சமைப்பாங்க?"

ஜெபமணி தூக்குக்குண்டைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். அது நகராட்சி வேலை இல்லை. கோமதி அக்காவின் காதில் குனிந்து ஏதோ சொன்னாள். அக்கா சிரித்தாள். அன்று மத்தியானம் எங்கள் அடுப்படியில் இருவரும் சேர்ந்து சமைத்தார்கள்.

மூன்றரை வருஷம் ஆகிவிட்டது. இந்த ஜூனில் குட்டி வீட்டை எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். யூனிஃபார்முக்கு நீலப் பெயின்ட் அடித்தோம். எட்டரைக்கு வேன் வருகிறது. அக்கா உள்ளே தைத்துக்கொண்டே போய், மூன்றரைக்குத் திரும்பி வருகிறாள். டீச்சர் அவளிடம் இரண்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். எங்கள் வீடு கட்டாயம் வர வேண்டும் என்று டைரியில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். கோமதி பரணில் இருக்கும் பித்தளைப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். வழியில் உருண்டுவிடாமல் கேஸ் சிலிண்டரைக் கட்டக் கயிறு வாங்க நான் கடைத்தெருவுக்குக் கிளம்புகிறேன்.