நெர்வா அவிழ்த்துவிட்ட கழுதைகள்

ரோமப் பேரரசு விழுந்ததற்குப் பல காரணங்கள் என்று யாழ்ப்பாணத்தில் பதினேழு வருடம் படிப்பித்தவன் நான். 1974இல் சிட்னியில் அது விழுந்ததற்கு ஒரே காரணம் என் முழங்கை. தூசு துடைக்கப் போய் நாணயத் தட்டைத் தட்டிவிட்டேன். பத்துப் பன்னிரண்டு சக்கரவர்த்திகள் அருங்காட்சியகத் தரையில் உருண்டு அலுமாரிகளின் அடியில் ஒளிந்துகொண்டார்கள்.

நல்லவேளை, காவலாளியான என்னைத் தவிர அங்கே அருங்காட்சியக ஆட்கள் யாரும் இல்லை. பிஸ்கட் தொழிற்சாலையில் காலை வேலை முடித்து எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி யோகா, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தேட இறங்கினாள். ஊரில் அவள் கணக்கு ரீச்சர். அந்தப் பழைய பள்ளிக்கூடம் அவளைத் திரும்பக் கூப்பிட்டுக் கடிதம் எழுதி இரண்டு கிழமை. என்ன யோசனை என்று கேட்டால், "பாப்பம்" என்பாள். அதற்குமேல் கேட்க எனக்குப் பயம்.

"பிடிச்சிட்டன்! நெர்வா!" என்று கத்தினேன்.

'சக்கரவர்த்தி நெர்வாவின் ஆரம்பச் சீர்திருத்தங்கள்' என்று வருடாவருடம் நோட்ஸ் சொன்னவன், மனிதரின் முகத்தை அன்றுதான் கண்டேன். நீண்ட மூக்கு, கிழட்டுக் கழுத்து. உள்ளங்கையில் பாரமாக இருந்தார். மறுபக்கம் திருப்பினேன்.

இரண்டு கோவேறு கழுதைகள் குனிந்து மேய்கின்றன. பின்னால் அவிழ்த்துவிட்ட வண்டி. அரச தபாலுக்கு ஊர்ச்சனம் வண்டியும் விலங்கும் கொடுத்தே ஆகவேண்டும் என்ற சுமையை, பதவிக்கு வந்த கையோடு அந்தக் கிழவர் நீக்கினார். அதைச் சொல்ல அவர் வாளையோ தேரையோ பொறிக்கவில்லை. வேலை விட்டுப் புல்லுத் தின்னும் இரண்டு கழுதைகள் போதும் என்று நினைத்திருக்கிறார். ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் வருடமாக அவை நிம்மதியாக மேய்ந்துகொண்டிருக்கின்றன. என் கண் கலங்கியது.

யோகா நாணயத்தை வாங்கி, விளிம்பு எழுத்தில் விரலை ஓட்டினாள்.

"இஞ்சேருங்கோ, இதிலை இத்தாலி எண்டெல்லோ கிடக்கு?"

"ஓம்... இத்தாலிக்கு மட்டும்தான் போலை."

"முழு ராச்சியத்துக்கும் எண்டு நோட்ஸ் குடுத்தனீங்கள். நானெல்லோ இருந்து றோணியோ மெசின் சுத்திப் படியெடுத்தனான்!"

"பிள்ளையள் பாஸ் பண்ணினவை தானே?"

"அப்ப மற்ற நாட்டுக் கழுதையள்?"

"இழுத்திருக்குங்கள்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தபடியே அவள் விரல்களைக் கவனித்தேன். சூடான பிஸ்கட் தட்டுப் பட்ட காயங்கள், மூன்று பிளாஸ்டர். சிட்னிக்கு வந்து நான் சக்கரவர்த்திகளோடு குடியிருக்கிறேன். அவள் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த வாயை மூடிக்கொண்டு பெட்டிகளில் பிஸ்கட் அடுக்குகிறாள். எங்கள் வீட்டிலும் விடுதலை ஒரு ஆளோடு நின்றுவிட்டது. அந்த ஆள் நான்.

"பகிடி இல்லை, யோகா. நீர் திரும்பிப் போகப்போறீரோ?"

கடைசி நாணயத்தைத் தட்டில் வைத்துவிட்டு என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"ஓம். தை மாசம் போறன். உங்களை வாங்கோ எண்டு கேக்கமாட்டன். வந்தால் சந்தோசப்படுவன்."