வைகாசியில் பிறந்தால்

என் மாமியார் ராணியம்மாளுக்குப் பார்வை மங்கல். ஊசியில் நூல் கோக்க என்னைத்தான் கூப்பிடுவார். ஆனால் என் வயிற்றை மட்டும் வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றே அளந்துவிடுவார்.

பொங்கல் முடிந்த வாரம், களத்தோரம் உட்கார்ந்து துவரை புடைத்துக்கொண்டிருந்தோம்.

"ஏன்டி சசி, இது மூணு மாச வயிறா?"

"ஆமாங்க அத்த."

"எனக்கு அருளு வயித்துல இருந்தப்ப அஞ்சாம் மாசத்துலதான் இவ்ளோ தெரிஞ்சுது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு துவரையை விட்டுவிட்டு என்னைப் புடைக்க ஆரம்பித்தார்.

என் கணவர் அருள்குமார் ராணுவத்தில் இருக்கிறார். தீபாவளி விடுப்பில் வந்துவிட்டுக் கார்த்திகையில் போனார். ஆறு வருடமாகத் தங்காத கரு அப்போதுதான் தங்கியது. சும்மாவும் தங்கவில்லை. எனக்கு அடினோமயோசிஸ். மாதவிலக்கு வந்தால் பாதி மாதம் ரத்தப்போக்கிலும் வலியிலும் கிடப்பேன். முந்தைய விடுப்பில் சேலத்து டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: "கர்ப்பப்பைக்கு உள்பக்கம் வளர வேண்டிய சவ்வு, தசைக்குள்ள பூந்து வளருதும்மா. அதனால கர்ப்பப்பையே வீங்கியிருக்கு. கரு தங்குறது கஷ்டம். தங்கினாலும் முன்னாடியே பொறந்துடலாம்." என் கணவரும் தலையாட்டிக் கேட்டார்.

வெளியே வந்ததும், "அம்மாகிட்ட கர்ப்பப்பைன்னு சொல்லாத சசி. பயந்துக்குவாங்க. உடம்பு சூட்டுக்கு ஊசின்னு சொல்லு" என்றார். நானும் மண்டு மாதிரி அப்படியே சொன்னேன்.

வீக்கம் வற்ற, ஆடியிலிருந்து மாதம் ஒன்றாக மூன்று ஊசி. மொரப்பூரில் ரயிலேறித் தனியாகவே போய்வந்தேன். அத்தை துணைக்கு வருவதாகச் சொன்னபோது வேண்டாம் என்றேன். வந்தால் ஊசி எதற்கென்று தெரிந்துவிடுமே! அந்த ஊசி போட்டால் மாதவிலக்கு நின்றுவிடும். எனக்கு அது வைத்தியம். அத்தைக்கு அது சாட்சி.

"ஆவணியிலயே இவ தூரம் ஒதுங்கல. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்று என் காதுபடவே பக்கத்து வீட்டில் சொன்னார். "மாசா மாசம் சேலத்துக்கு வேற ஓடுனா. தொணைக்கு வரேன்னா வேணாங்கறா. என் மவன் வந்தது ஐப்பசியில. வயிறு ஆவணியிலிருந்து வளருது."

அப்புறம்தான் உண்மையைச் சொன்னேன். கர்ப்பப்பை ஏற்கனவே வீங்கியிருந்ததால் வயிறு பெரிதாகத் தெரிகிறது என்றேன். வாயில் வந்த கதை என்றார். ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினேன்.

"ஸ்கேன்காரனையா நம்பச் சொல்ற? ஆணா பொண்ணான்னு ரகசியமா சொல்லிக் காசு பாக்கறவனுங்க இருக்கற ஊரு இது. மாசத்த மாத்தி எழுத மாட்டானுங்களா?"

அன்றிரவு என் கணவரை அழைத்து, அம்மாவிடம் பேசச் சொன்னேன். "டாக்டரம்மா எந்த மாசம் பொறக்கும்னு சொன்னாங்க?" என்றார்.

"ஆடியில."

"ஆடிதானே? நல்லாக் கேட்டியா?"

"நீங்களும் சந்தேகப்படறீங்களா?"

"நான் எதுக்குப் படறேன்? அம்மா கேக்கறாங்க."

டாக்டர் முன்னால் ஆட்டிய தலை எங்கே போயிற்று? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வளைகாப்பும் நடக்கவில்லை. "எந்த மாசம்னு கணக்கு வெச்சு வளையல் போடறது?" என்றார் அத்தை. பங்குனியில் முடிவாகவே சொல்லிவிட்டார். "ஆடியில பொறந்தா எங்க வூட்டுப் புள்ள. வைகாசியில பொறந்தா, அப்படியே உங்க ஆத்தா வூட்டுக்குப் போயிடு."

அதிலிருந்து நான் வயிற்றோடு பேச ஆரம்பித்தேன். ஆடிவரை இரு கண்ணு, எனக்காக இல்லாவிட்டாலும் உனக்காக இரு. முன்னாடியே பிறந்துவிடலாம் என்று டாக்டர் சொன்னது காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இடுப்பு லேசாக வலித்தாலும் உயிர் போய் உயிர் வந்தது. அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் வலியைக்கூட மறைத்தேன்.

வைகாசி பாதியில் பனிக்குடம் உடைந்தது. ஆம்புலன்சில் அத்தையும் ஏறினார். "நான் சொன்ன மாசந்தான்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

பெண் குழந்தை. அழுகைச் சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. அள்ளிக்கொண்டு போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். மறுநாள் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிப் போனபோது அத்தையும் கூட வந்தார். உள்ளங்கை அகல உடம்பு. மூக்கில் குழாய். தோலுக்கடியில் நரம்பெல்லாம் தெரிந்தது. மூச்சுக்கு மூச்சு விலா உள்ளே போய் வந்தது.

அத்தை கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்து வெகுநேரம் பார்த்தார். திரும்பியபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"ஏழு மாசந்தான்டி! நகங்கூட வளரல. ஐயோ சாமி, என் பேத்திதான்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். உடனே போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். "டேய் அருளு, ஒன்ற கிலோகூட இல்லடா! உன் கொழந்ததான்டா!"

என் மகள் மூச்சுக்குத் திணறுவது அந்த வீட்டுக்கு நல்ல சேதி. கொழுகொழுவென்று பிறந்திருந்தால் நான் கெட்டவளாகியிருப்பேன்.

போனை என் கையில் திணித்தார். "சசி, நான் என்னைக்கும் சந்தேகப்படலம்மா" என்றார் என் கணவர்.

"கொழந்த பொழைக்குமான்னு ரெண்டு பேரும் இன்னும் கேக்கல" என்றேன்.

போனை அணைத்து மடியில் வைத்தேன். அத்தை என் பக்கத்தில் குந்தி, தன் கை வளையல்களில் இரண்டைக் கழற்றினார். அழுதுகொண்டே என் கையைப் பிடித்தார். "இப்பவாச்சும் போட்டுக்கடி. மனசுல வெச்சுக்காத. நம்ம வூட்டுக்குப் போலாம்."

நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"அவளுக்கு எடை ஏறட்டுங்க அத்த. அப்புறம் எங்க ஆத்தா வூட்டுக்குப் போறோம். வைகாசியிலதானே பொறந்திருக்கா."