வட்டுகளுக்கு நடுவே ஓர் இடுக்கு

மில்வாக்கியின் அந்த பீர் ஆலையில், நீராவி அறைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புது இயந்திரத்துக்கும் ஒரே ஒரு தடவைதான் சோதனை. தேறினால் அங்கேயே நிற்கும். தேறாவிட்டால் வந்த வண்டியிலேயே திரும்பிவிடும்.

1913 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, வெண்டலின், நீராவியால் சுழலும் தன் டர்பைனை அங்கே இறக்கினான். ஒரு தண்டில் நெருக்கமாகக் கோத்த உலோக வட்டுகள்தான் அதன் சக்கரம். பல வருஷ உழைப்பு அது. ஆலையின் பம்பை அது ஓட்டிவிட்டால், அப்புறம் ஊரில் எவனும் அவனைக் கிறுக்கன் என்று சொல்ல முடியாது.

"இறக்கையே இல்லையே, நீராவி எதுல மோதிச் சுத்தும்?" என்றார் தலைமை இன்ஜினீயர் ஸ்ட்ரோமையர்.

"மோத வேண்டாங்க, ஒட்டினாப் போதும். விளிம்புல நுழையிற நீராவி, வட்டுகளுக்கு நடுவுல சுழிச்சுச் சுழிச்சு மையத்துத் துளை வழியா வெளியேறும். போற போக்குல ரெண்டு பக்கத்து வட்டையும் உராய்ஞ்சு தன்னோட இழுத்துக்கிட்டே போகும். இடுக்கு மட்டும் மெல்லிசா இருக்கணும்."

"என் மாமியாரும் அப்படித்தான்யா. அடிக்க மாட்டா, ஒட்டிக்கிட்டே இழுப்பா!"

அறையே சிரித்தது. வால்வைத் திறந்ததும் வட்டுகள் விர்ரென்று சுழன்றன. பம்பின் பாரத்தை இழுக்குமா என்று பார்க்க, ஸ்ட்ரோமையர் தண்டில் பிரேக் வாரை மாட்டி இறுக்கினார். சக்கரம் முனகியது, தளர்ந்தது, நின்றேவிட்டது. நீராவி மட்டும் உள்ளே புகுந்து சும்மா வெளியே போய்க்கொண்டிருந்தது.

வெண்டலின் மூடியைக் கழற்றினான். வட்டுகளுக்கிடையே இடுக்கு விட அவன் வைத்த, காகிதம்போல் மெல்லிய வளையங்களைக் காணோம். அவற்றின் இடத்தில் தடித்தடி வளையங்கள் இருந்தன. நேற்று அவன் வண்டி பிடிக்கப் போனபோது, வட்டுகளைத் துடைத்துக் கோத்துவைத்தவன் அவன் மனைவியின் அண்ணன் அலாய்ஸ். இதே ஆலையில் கொதிகலனுக்குக் கரி போடுகிறவன்.

"நான்தான் மாப்ளே மாத்தினேன்," என்றான் அலாய்ஸ், பெருமை இன்னும் முழுசாக வடியாத முகத்துடன். "அவ்வளவு நெருக்கத்துல நீராவிக்கு மூச்சு முட்டுமேன்னுதான். இங்க எல்லா மெஷின்லயும் வழியை விசாலமாத்தானே விடுறோம்?"

"விசாலமா விட்டா, நீராவி வட்டைத் தொடாமலே போயிடும் மச்சான்!"

வளையத்தை மாற்றி இன்னொரு தரம் ஓட்டிக் காட்டுவதாக வெண்டலின் கெஞ்சினான். ஸ்ட்ரோமையர் அதற்குள் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கண்டுபிடிக்கிறவன் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு மச்சான் இருக்கான்யா. வண்டியில ஏத்துங்கப்பா."

மறுநாள் தன் கொட்டகையில், வெண்டலின் மெல்லிய வளையங்களைக் கோத்துச் சின்னக் கொதிகலனை மூட்டினான். அதே அகலத்தில் ஒரு வாரைப் போட்டு இறுக்கினான். வார்தான் கருகிப் புகைந்தது. சக்கரம் நிற்கவில்லை.

பார்க்க அலாய்ஸ் மட்டும்தான் இருந்தான், தேவாலயத்திலிருந்து நேரே வந்து, தொப்பியைக் கையில் பிடித்தபடி.

"இழுக்குதே மாப்ளே! நாளைக்கு நானே போய் ஸ்ட்ரோமையர்கிட்டச் சொல்றேன்."

வெண்டலின் வால்வை மூடினான்.

"போய்ச் சொல்லு. மத்தியானம் சாப்பிடுறப்போ சிரிக்க அவங்களுக்கும் ஏதாவது வேணும்ல."