நாலு காது

பிரஸ்ஸிலிருந்து வந்த பதினோராவது அலுமினிய டம்ளரின் விளிம்பிலும் நாலு இடத்தில் காது மாதிரி மேடு எழுந்திருந்தது. கலையரசி அதை மற்றப் பத்தோடு வரிசையில் வைத்தாள்.

"அச்ச கோணலா மாட்டிக்கினு தகட்ட குத்தம் சொல்ற," என்றார் முதலாளி தங்கதுரை. "நாளையிலேர்ந்து பேக்கிங்குக்குப் போ. பிரஸ்ஸுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

அந்தப் பட்டறையில் பிரஸ்ஸில் உட்கார்ந்த முதல் பெண் அவள். கருணாபுரத்தில் 'பிரஸ் கலையரசி' என்றால்தான் அடையாளம். ஐந்து வருடம் பேக்கிங்கில் காத்திருந்து பிடித்த இடத்தை விட அவளுக்கு மனசில்லை. அச்சைத் தன் கையால் மாட்டியிருந்தாள். அதன் மேல் அவளுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

சந்தேகமெல்லாம் தகட்டின் மேல்தான். உருளையில் நசுங்கி வரும் தகடு முறுக்கிக்கொண்டு நிற்கும், அப்படியே இழுத்தால் கிழியும். உலையில் சுட்டால்தான் உள்ளே நசுங்கிக் கிடக்கும் கண்ணுக்குத் தெரியாத உலோக மணிகள் புதிதாக முளைத்துத் தகடு இளகும். அளவோடு சுட்டால் மணிகள் பல பக்கம் பார்த்து நிற்கும். அளவு மிஞ்சினால் எல்லாம் ஒரே திக்கில் அணிவகுத்துவிடும். பிறகு அழுத்தும்போது தகடு ஒரு பக்கம் நீண்டு காதாக எழும், இன்னொரு பக்கம் அடம்பிடிக்கும். பிரஸ் மாட்ட வந்த மெக்கானிக் சொல்லித் தந்தது இது.

இந்த டம்ளர் தகராறு நடந்தது எண்பத்தேழில், இடஒதுக்கீடு கேட்டு ரோடெல்லாம் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரம். உலைக்கார அம்மாசியால் கச்சிராயபாளையத்திலிருந்து வர முடியவில்லை. உலை ஆறிவிடுமோ என்ற பயத்தில் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தவர் தங்கதுரைதான். அதைப் பட்டறையில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"ஒரே ஒரு தகடு போட்டுக் காட்டறேங்க."

உருளை ஓடிய வரியை ஒட்டி, வட்டத் தகட்டில் ஆணியால் ஒரு கீறல் போட்டாள். இதுவரை வரி வாசலைப் பார்த்திருந்தது, காதும் வாசல் பக்கமே எழுந்தது. இப்போது தகட்டை அரைக்கால் வட்டம், அதாவது வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு, திருப்பி வைத்து அழுத்தினாள். வாசல் பக்கம் விளிம்பு பள்ளமாகிவிட்டது. கீறலுக்கு நேராகக் காது நின்றது.

"அச்சு நவுரலிங்க. தகடு திரும்புச்சு, காதும் கூடவே வந்துடுச்சு."

தங்கதுரை நம்பாமல் தானே இன்னொரு தகட்டைத் திருப்பி வைத்து அழுத்தினார். அதுவும் அப்படியேதான் வந்தது.

"எவ்ளோ நேரம் ஜாஸ்தி வெந்திருக்கும்?"

"அது உங்களுக்குத்தாங்க தெரியும்."

அவர் தான் அழுத்திய டம்ளரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் அம்மாசி வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். "மரத்த இப்பத்தாங்க நவுத்துனாங்க. உலைய மூட்டட்டுங்களா? எவ்ளோ நேரம் வெக்கணும்?"

தங்கதுரை டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணயே கேளு."

கலையரசி பிரஸ் இருக்கையை விட்டு எழாமல், சுடாத தகடு ஒன்றை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, அதன் வரிகளை நிதானமாகப் பார்த்தாள்.