பால் கெட்ட நாட்கள்

“உங்க நைனா தலைவரா இருந்து இன்னாத்த கிழிச்சாரு?” என்று செஞ்சி பால் சங்கத்தின் புதுத் தலைவர் பச்சமுத்து கேட்டதும், அவர் தம்பி மனைவி செல்லம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“வாங்க மாமா, காட்டுறேன்.”

சங்கத்து லாரி பால் எடுக்க வராமல் பால் கெட்ட ஒவ்வொரு நாளுக்கும் அவள் அடுப்படிச் சுவரில் ஒரு கரிக்கோடு போட்டிருந்தாள்.

“நைனா இருந்த எம்பத்தி நாலுல ஒம்பது. நீங்க இருந்த எம்பத்தி அஞ்சுல முப்பத்தொண்ணு. எண்ணிப் பாருங்க!”

“எம்பத்தி நாலு தீபாவளிக்கு முந்தி ரெண்டு நாள் கெட்டுச்சே, அதுக்கு நீ கோடு போடலியே செல்லம்” என்று கணவன் கோதண்டராமன் மெல்ல இழுத்தான்.

பச்சமுத்து சிரித்தார். அப்பாவின் மேலிருந்த பாசத்தில்தான் அவள் அதை விட்டிருந்தாள். கணவனை முறைத்துவிட்டு, கரியை எடுத்துச் சுவர் உதிர இரண்டு கோடுகள் இழுத்தாள்.

“பதினொண்ணு. இப்ப சிரிங்க மாமா, பாப்போம்.”