தூசி இல்லாத கொல்லை

லாண்டரி நடத்தும் அண்ணிக்கும் மர அறுப்புப் பட்டறை வைத்திருக்கும் கொழுந்தனுக்கும் நடுவில் ஒரு வேலி மட்டும்தான். அவள் புருஷன் செத்த கையோடு இடத்தைப் பாகம் பிரித்தாகிவிட்டது. அந்தப் பக்கம் ரம்பம் ஓடினால் போதும், இவள் கொல்லைக் கொடியில் தொங்கும் ஆஸ்பத்திரி விரிப்புகளெல்லாம் மாவு சலித்துக் கொட்டினாற்போல் ஆகிவிடும். ஈரத்துணியில் ஒட்டிய மரத்தூள் லேசில் போகுமா? மறுபடி முதலிலிருந்து துவைக்க வேண்டும்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறானே, உருப்படுவானா!" என்று தெருவுக்கே கேட்கத் திட்டினாள். வக்கீலைப் பிடித்து, நடையாய் நடந்து, தீர்ப்பும் வாங்கிவிட்டாள். அவள் சம்மதமில்லாமல் ரம்பம் ஓடக் கூடாது.

சும்மா சொல்லக் கூடாது, கொழுந்தன் வீம்பு பிடிக்கவில்லை. வேலியோரம் வந்து நின்றான்.

"அண்ணி, காலைல கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டிக்கிறேன். துணிய அதுக்கப்புறம் காயப் போடுங்க. பதிலுக்கு, என் பட்டறையோட இந்தத் தகரக் கூரைக்கு மேல எந்தக் கட்டடமும் எழும்பாதுன்னு எழுதியே தர்றேன். உங்களுக்கு வெயில் வேணும்ல?"

"வெயில் என்ன உங்கப்பன் சொத்தா, நீ எனக்கு எழுதித் தர?"

வக்கீல்கூடச் சொன்னார். "வாங்கிக்கங்கம்மா. தூசிக்குத்தான் தீர்ப்பு இருக்கு, வெயிலுக்கு இல்ல."

அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவன் கெஞ்சக் கெஞ்ச அவளுக்கு வயிறு குளிர்ந்தது. அந்தச் சுகத்தை விட மனசு வரவில்லை, பாவிக்கு.

ஓடாத ரம்பத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? இடத்தை விற்றுவிட்டு ஊருக்கு வெளியே போய்விட்டான். வாங்கிய கிடங்குக்காரர் தங்கமான மனிதர். தன் எல்லைக்குள், சட்டப்படி, நாலு மாடி எழுப்பினார்.

இப்போது கொல்லையில் பொட்டுத் தூசி இல்லை. வெயிலும் இல்லை. விரிப்புகள் சாயங்காலம் வரை சொட்டச் சொட்டத் தொங்கின. ஆஸ்பத்திரி ஆள் ஒன்றை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தான்.

"வெள்ளையாத்தான் இருக்கு. நாத்தமடிக்குதேம்மா. இனிமே வேற எடத்துல பாத்துக்கறோம்."

மானத்தை விட்டுக் கிடங்குக்காரரிடம் ஓடினாள். "உங்க மொட்டமாடியையாவது துணி காயப் போடக் குடுங்கய்யா."

"தரலாமே. பதிலுக்கு நீங்க என்ன தருவீங்கம்மா?" குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார்.

அவளிடம் இருந்தது ரம்பத்தை நிறுத்தும் உரிமை ஒன்றுதான். அவரிடம் ரம்பமே இல்லை.